ஹெல்மெட்னா என்ன, தமிழ்ல என்ன சொல்றது?

ஹெல்மெட் இங்கிலீஷுக்கு பழைய பிரெஞ்சுல இருந்து வந்த சொல்லு. 'ஹெல்ம்'னா போர்வீரன் மாட்டுற இரும்புத் தொப்பி, 'எட்' சேர்ந்தா அதுல சின்னது. அதுக்கும் அடியில இருக்கறது மூடுறது, மறைக்கிறதுன்னு பொருள் தர்ற ஜெர்மானிய வேர்.

தமிழ்ல தலைக்கவசம். கர்ணனோட கவச குண்டலத்துல வர்ற அதே கவசம், வடசொல்தான். தனித்தமிழே வேணும்னா பதிற்றுப்பத்துல மெய்ம்மறைன்னு கவசத்துக்கு ஒரு சொல் இருக்கு, அதைப் பார்த்து தலைமறைன்னு ஆக்கிக்கலாம், ஆனா கேக்குறவங்களுக்கு புரியாது, அதனால எழுத்துல தலைக்கவசமே போதும்னு நினைக்கிறேன்.

சட்டம் சொல்ற அர்த்தம் இதைவிட முக்கியம். 1988 மோட்டார் வாகனச் சட்டம் 129வது பிரிவுல தலைக்கவசம்னா அடிபட்டா காப்பாத்துற அளவுக்கு வடிவமும் பொருளும் இருக்கணும், அதோட வார் போட்டு தலையில இறுக்கமா கட்டியிருக்கணும்னு இருக்கு. அப்போ முழங்கையில தொங்குறதும், பெட்ரோல் டேங்க் மேல உக்காந்திருக்கறதும், ஏன், பக்கிள் மாட்டாம தலையில சும்மா கவுத்து வச்சிருக்கறதும்கூட சட்டப்படி தலைக்கவசமே இல்ல! வண்டி மோதுனா முதல்ல கழண்டு பறக்கறது அதுதான். உள்ள இருக்கற தெர்மாகோல் மாதிரியான பொருள் நசுங்கி அடியை வாங்கிக்கணும், அதுக்கு அது தலையில இருக்கணும்ல.

"என் தலை, என் இஷ்டம், கவர்மெண்டுக்கு என்ன"ன்னு கேக்குறாங்க. தலை உங்களுதுதான், ஆனா ஆஸ்பத்திரி செலவு? தமிழ்நாட்டுல 2021 டிசம்பர்ல 'இன்னுயிர் காப்போம் நம்மைக் காக்கும் 48' திட்டம் வந்துச்சு, ரோட்டுல அடிபட்டவங்களுக்கு முதல் 48 மணி நேர சிகிச்சை இலவசம், ஆரம்பத்துல ஒரு லட்ச ரூபா வரைக்கும், எந்த ஊர்க்காரரா இருந்தாலும் சரி. அது நம்ம எல்லாரோட வரிப்பணம். தலைக்காயம் 48 மணி நேரத்துல முடியறதில்ல, ஸ்கேன், ஆபரேஷன், வென்டிலேட்டர்னு போயி அப்புறம் மாசக்கணக்குல பேச்சுப் பயிற்சி, நடைப் பயிற்சி, கூடவே வேலையை விட்டுட்டு பக்கத்துல உக்காந்திருக்கற அம்மாவோ பொண்டாட்டியோ, அந்த இழந்த சம்பளத்தை எந்தக் கணக்குலயும் எழுதுறதில்ல.

அதுக்காக ஹெல்மெட் போடாதவனுக்கு இலவச வைத்தியம் கூடாதுன்னு சிலபேர் சொல்றதை நான் ஒத்துக்க மாட்டேன். உயிருக்குப் போராடுறவன்கிட்ட அதைப் பாக்கக்கூடாது. அப்படி எல்லாரையும் காப்பாத்தத்தான் செய்வோம்னு முடிவு பண்ணிட்ட சமூகத்துக்கு, வாரை மாட்டுப்பான்னு சொல்ற உரிமையும் இருக்கு.