மழையா, வியர்வையா? பழைய வீட்டுக் கூரைக் கண்ணாடியைக் கழற்றும் முன்

ஜனவரி மாதக் காலை. வெளியே மழை இல்லை, வானம் தெளிவாக இருந்தது. ஆனால் அந்த வீட்டின் மாடிப்படியில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. நான்காவது படியில் ஒரு வாளி. அதற்கு நேர் மேலே, கூரையின் நடுவில், சின்னக் கண்ணாடி வீடு போல எழும்பி நின்றது 1860களில் வைத்த வெளிச்சக் கூண்டு.

தெற்கு லண்டனில் உள்ள விக்டோரியன் காலத்து வீடு அது. பாதுகாக்க வேண்டிய பழங்கட்டடங்களின் அரசுப் பட்டியலில் கிரேடு 2 என்று இடம்பெற்றது. வாங்கியவர்கள் யாழ்ப்பாணத்துக் குடும்பம். "நாலு வருசமா ஒழுகுது. இதைக் கழட்டிப்போட்டுப் புதுசா ஒண்டு போட்டால் என்ன தம்பி?" என்று அந்த அக்கா கேட்டார். பிளாஸ்டிக் சட்டம், இரட்டைக் கண்ணாடி என்று ஒருவர் கொடுத்த விலைப்பட்டியலும் கையில் இருந்தது.

பழைய கட்டடங்களைப் பழுதுபார்ப்பதுதான் என் தொழில். இந்த மாதிரி வீட்டுக்குப் போனால் நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: மழை பெய்யும்போது ஒழுகுகிறதா, பெய்யாதபோது ஒழுகுகிறதா? வீட்டுக்கார அண்ணன் கொஞ்சம் யோசித்துவிட்டு, "கூடுதலாக் குளிர் நாளிலதான்" என்றார்.

அப்படியென்றால் அது மழை அல்ல, வீட்டின் வியர்வை.

குளியலறை ஆவி, சோறு வேகும் ஆவி, குளிர்காலத்தில் மாடிப்படிக் கைப்பிடியில் காயப்போடும் ஈரத்துணி எல்லாம் சூடான காற்றோடு மேலே ஏறுகின்றன. வீட்டிலேயே உயரமான, குளிர்ந்த இடம் அந்தக் கண்ணாடி. அங்கே போய் ஆவி துளியாகப் படிகிறது. விக்டோரியன் காலத்துத் தச்சருக்கு இது நன்றாகத் தெரியும். அதனால் அவர் கண்ணாடியை ஒரே பலகையாகப் போடவில்லை. மீன் செதில் போல, மேல் துண்டு கீழ்த் துண்டின் மேல் கொஞ்சம் ஏறி நிற்கும்படி அடுக்கினார். அந்த இடுக்கில் மயிரிழை இடைவெளி இருக்கும். உள்ளே வியர்த்த நீர் கண்ணாடியின் அடிப்பக்கமாகவே வழிந்து, அந்த இடுக்கு வழியாக வெளியே போய்விடும். மீதி நீர் கீழ்ச்சட்டத்தில் வெட்டிய சின்ன வாய்க்காலில் சேர்ந்து, துளை வழியாக ஈயத்தகட்டின் மேல் விழும்.

சாரத்தில் ஏறிப் பார்த்தேன். முன்பு இருந்தவர் யாரோ ஒவ்வோர் இடுக்கையும் சிலிக்கான் பசையால் பட்டையாக அடைத்திருந்தார். கீழ்த் துளைகள் மூன்றும் பெயின்ட்டால் மூடியிருந்தன. பசையின் ஓரத்தைப் பேனாக்கத்தியால் கிளப்பியதும் உள்ளே தேங்கி நின்ற தண்ணீர் என் மணிக்கட்டில் வழிந்தது. அதற்கு அடியில் மரச்சட்டத்தின் கடைசி நான்கு அங்குலம் ஊறிப்போய், ஈரக் கேக் மாதிரி கத்தியில் வந்தது. ஒழுகல் என்று நினைத்து அடைத்ததுதான் ஒழுகலை உண்டாக்கியிருக்கிறது. இதைத்தான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன், ஒவ்வொரு முறையும் மனசு கஷ்டப்படுகிறது. நூற்றைம்பது வருடம் தாங்கிய மரம் ஒரு குழாய்ப் பசையில் போய்விடுகிறது.

இந்தக் கண்ணாடிகள் ஏன் இவ்வளவு சின்னவை, இவ்வளவு மெல்லியவை? பிரிட்டனில் 1845 வரை கண்ணாடிக்கு எடைக்கணக்கில் வரி இருந்தது. ஜன்னலுக்குத் தனி வரி, அது 1851 வரை. இரண்டும் போன பிறகுதான் சாதாரண வீட்டுக்காரரும் கூரையில் வெளிச்சம் இறக்க ஆரம்பித்தார்கள். அப்போதும் கண்ணாடியை உருளையாக ஊதி, நெடுக வெட்டி, சூட்டில் விரித்துத்தான் தகடாக்கினார்கள். சதுர அடிக்கு 21 அவுன்ஸ் என்று எடையைச் சொல்லி விற்பார்கள். இன்றைய கணக்கில் அது இரண்டரை மில்லிமீட்டர் தடிமன். அந்தக் கண்ணாடியில் இருக்கும் மெல்லிய அலையும் குமிழியும் குறை இல்லை, கை வேலையின் தடம். பிரிட்டனின் பில்கிங்டன் நிறுவனம் 1959இல் அறிவித்த மிதவை முறை (உருகிய கண்ணாடியை உருகிய வெள்ளீயத்தின் மேல் மிதக்கவிட்டுத் தகடாக்குவது) வந்த பிறகு கண்ணாடி தண்ணீர்ப் பரப்பு போல நேராகிவிட்டது. ஊதிச் செய்கிற பட்டறைகள் இன்று ஐரோப்பாவில் வெகு சிலவே. உடைத்தால் அதே கண்ணாடி திரும்பக் கிடைப்பது அரிது.

சரி, இரட்டைக் கண்ணாடி போட்டால் வியர்க்காதே என்று கேட்கலாம். எடையைப் பாருங்கள். ஒரு மில்லிமீட்டர் தடிமனுக்கு, ஒரு சதுர மீட்டர் கண்ணாடி இரண்டரை கிலோ. பழைய கண்ணாடி சதுர மீட்டருக்கு ஆறரை கிலோவுக்குள் நிற்கும். 4 மில்லிமீட்டர் கண்ணாடி இரண்டு சேர்ந்தால் 20 கிலோ. விரல் அகலம் கூட இல்லாத பழைய சட்டம் அதைத் தாங்காது. சட்டத்தைத் தடிப்பாக்கினால் கூண்டின் முகமே மாறிவிடும்.

எதையும் தொடவே கூடாது என்று நான் சொல்லவில்லை. லண்டன் கியூ தாவரவியல் தோட்டத்தில் 1848இல் கட்டி முடித்த பாம் ஹவுஸ் என்ற பெரிய கண்ணாடிச் செடிவீட்டை 1980களில் பழுதுபார்த்தபோது கண்ணாடிச் சட்டங்களைத் துருப்பிடிக்காத எஃகிலும், கண்ணாடியை உறுதியேற்றிய வகையிலும் மாற்றினார்கள். உள்ளே எப்போதும் வெப்பமண்டல ஈரம், கீழே ஆயிரக்கணக்கில் மக்கள் நடமாட்டம். அங்கே அது நியாயமான முடிவு. இந்த வீட்டுக்கு அது தேவைப்படவில்லை.

பசையைக் கையாலேயே சுரண்டி எடுத்தோம். கண்ணாடிகளுக்கு எண் போட்டுக் கழற்றினோம். பதினெட்டில் பதினைந்து நன்றாக இருந்தன. விரிசல் விட்ட மூன்றுக்குப் பதிலாக, உடைந்தாலும் கீழே உதிராத மெல்லிய லாமினேட்டட் கண்ணாடி வைத்தோம். ஊறிய நுனிகளை மட்டும் வெட்டி, அதே ஜாதி மரத்தை ஒட்டுப் போட்டார் தச்சர். பிறகு, கண்ணாடியைச் சட்டத்தில் பதிக்க, ஆளிவிதை எண்ணெயில் பிசைந்த பட்டி (புட்டி). அது மேலே தோல் கட்டும்வரை பொறுத்துத்தான் பெயின்ட் அடிக்க வேண்டும். அடிக்கும்போது பெயின்ட் கண்ணாடி மேலும் இரண்டு மில்லிமீட்டர் ஏற வேண்டும். அந்த இரண்டு மில்லிமீட்டர்தான் பட்டிக்கும் கண்ணாடிக்கும் நடுவில் மழைநீர் இறங்காமல் காக்கிறது. பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கும், ஆகவே உலர்வாகத் தேய்த்துத் தூசி கிளப்பாதீர்கள். சில பழைய பட்டிகளில் ஆஸ்பெஸ்டாஸும் உண்டு, சந்தேகம் வந்தால் சோதனைக்கு அனுப்புங்கள்.

இனி அரசாங்கச் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். இங்கிலாந்தில் பட்டியலிட்ட கட்டடத்தின் தன்மையைப் பாதிக்கும் எந்த மாற்றத்துக்கும் கவுன்சிலின் தனி அனுமதி வேண்டும். 1990ஆம் ஆண்டுச் சட்டப்படி அனுமதி இல்லாமல் செய்வது குற்றம். இரண்டு வருடம் வரை சிறையும், உச்சவரம்பு இல்லாத அபராதமும் விதிக்கலாம். நம் ஆட்கள் பலருக்குத் தெரியாத விஷயம் இன்னொன்று: நடவடிக்கைக்குக் கால வரம்பு கிடையாது. இருபது வருடம் முன்பு யாரோ வைத்த பிளாஸ்டிக் ஜன்னலை எடுக்கச் சொல்லி, இன்றைக்கு வீடு வைத்திருக்கும் உங்களுக்கு நோட்டீஸ் வரலாம். ஆகவே வாங்கும்போதே கூரையில் இருப்பதற்கெல்லாம் அனுமதி இருக்கிறதா என்று வக்கீலைக் கேட்கச் சொல்லுங்கள். அந்த அனுமதிக்கு விண்ணப்பிக்கக் கட்டணம் இல்லை. இருப்பதை இருப்பது போலவே பழுதுபார்க்கப் பெரும்பாலும் அனுமதி தேவைப்படாது, ஆனாலும் கவுன்சிலில் பழங்கட்டடப் பாதுகாப்பைக் கவனிக்கும் கன்சர்வேஷன் ஆபீசருக்கு ஒரு மின்னஞ்சல் போட்டுப் பதிலைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

புதிதாக வெளிச்சம் இறக்க அனுமதி கேட்கிறீர்களா? கூரையின் பின்பக்கச் சரிவில் கேளுங்கள். ஸ்லேட் (கூரைக் கல் ஓடு) மட்டத்துக்கு மேலே துருத்தாமல், அகலத்தைவிட உயரம் அதிகமாக, மெல்லிய உலோகச் சட்டத்தில் இருக்கட்டும். கைமரத்தை வெட்டாமல் இரண்டு கைமரத்துக்கு நடுவில் அடங்கினால் இன்னும் நல்லது. நடுவில் ஒரு குச்சி வைப்பதானால் அது கண்ணாடியை உண்மையிலேயே பிரிக்கிற குச்சியாக இருக்க வேண்டும், மேலே ஒட்டினது கீழே இருந்து பார்த்தாலே தெரியும்.

நேரம் கிடைத்தால் லண்டன் லிங்கன்ஸ் இன் ஃபீல்ட்ஸில் ஜான் சோன் அருங்காட்சியகத்துக்குப் போய்வாருங்கள், அனுமதி இலவசம். 1837இல் இறந்த அந்தக் கட்டடக் கலைஞர் தன் வீட்டுக் கூரையில் மஞ்சள் கண்ணாடி வைத்திருந்தார். வெளியே லண்டன் சாம்பல் நிறத்தில் கிடக்கும்போது உள்ளே இளவெயில் அடிப்பது போல இருக்கும். கூரைக் கண்ணாடி ஒரு வீட்டுக்கு என்ன செய்யும் என்பது அங்கே நின்றால் புரியும்.

அந்தக் குடும்பம் இப்போது துணியைப் பின்னறையில் காயப்போடுகிறது. குளியலறை மின்விசிறியின் குழாய், கூரைக்கு உள்ளே முடிந்திருந்ததை வெளியே நீட்டிவிட்டோம். போன டிசம்பரில் அக்கா ஒரு படம் அனுப்பியிருந்தார்: உறைபனிக் காலை, கண்ணாடியின் அடியில் வரிசையாகத் துளிகள், மாடிப்படி உலர்ந்திருக்கிறது. "பீலிக்குள்ள இலை நிறையக் கிடக்குது, துளையும் அடைபடுமோ?" என்று கேட்டிருந்தார். பீலி என்றால் மழைநீர் ஓடும் கூரை வாய்க்கால். ஆமாம், அடைபடும். இலை உதிர்ந்து முடிந்ததும் வருடம் ஒரு தடவை ஒரு மெல்லிய கம்பியைத் துளைக்குள் விட்டுப் பாருங்கள் என்று பதில் போட்டேன்.