உட்கார வைக்காதீங்க, பாப்பாவைத் தரையில விடுங்க

மூணு மாசம் முன்னாடி ஒரு அம்மாவும் அவங்க அம்மாவும் சேர்ந்து 8 மாசப் பையனைத் தூக்கிட்டு கிளினிக் வந்தாங்க. "வாக்கர்ல விட்டா ஹால் முழுக்க சுத்துறான் மேடம், ஆனா கீழ உட்கார வச்சா அப்படியே ஒரு பக்கமா சாஞ்சுடுறான், இடுப்புல பலம் இல்லையோன்னு பயமா இருக்கு"ன்னு சொல்லும்போதே அந்தப் பொண்ணுக்குக் கண்ணு கலங்கிடுச்சு, ஏன்னா பக்கத்து வீட்டுப் பாப்பா 6 மாசத்துலயே உட்கார்ந்துருச்சாம்.

பையனைத் தரையில விரிச்ச மேட்ல குப்புறப் போட்டேன், பத்து செகண்ட் கூட இல்ல, வீல்னு அழ ஆரம்பிச்சுட்டான். அம்மா உடனே தூக்கக் குனிஞ்சாங்க, ஒரு நிமிஷம் இருங்கம்மான்னு சொல்லிட்டு நானும் அவன் எதிர்ல குப்புறப் படுத்து அவன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டேன், அழுதுகிட்டே தலையைத் தூக்கிப் பார்த்தான். தலை நல்லா நின்னுச்சு, கை ரெண்டும் விரிஞ்சு இருந்துச்சு, கால்ல இறுக்கம் எதுவும் இல்ல. அப்புறம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன், ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் தரையில இருப்பான்? ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்தாங்க. "தரையில விட்டா சளி பிடிக்கும்னு விடல தாயி"ன்னு அம்மாச்சி சொன்னாங்க. தூளி, மடி, வாக்கர், மறுபடி தூளி, இப்படியே நாள் போயிருக்கு.

அந்தப் பையனுக்கு நோய் எதுவும் இல்ல, உட்காரக் கத்துக்கிற வாய்ப்புதான் கிடைக்கல. இதைத்தான் வாரத்துக்கு நாலு குடும்பத்துக்காவது உட்கார்ந்து விளக்கிட்டு இருக்கேன், அதனாலதான் எழுதிடலாம்னு.

பிறந்த குழந்தையோட தலை மட்டுமே அதோட மொத்த நீளத்துல கால் பங்கு இருக்கும், நமக்கு எட்டுல ஒரு பங்குதான். அவ்வளவு கனமான தலையை அந்தச் சின்னக் கழுத்து தாங்கி நிறுத்தணும்னா அது லேசான வேலை இல்ல. முதுகெலும்பும் பிறக்கும்போது ஒரே வளைவாத்தான் இருக்கும், குப்புறக் கிடந்து தலையைத் தூக்கத் தூக்கத்தான் கழுத்துல உள்பக்கமா வளைவு நல்லா உருவாகும், உட்கார்ந்து நின்னு நடக்கும்போது இடுப்புல. கட்டுப்பாடு மேல இருந்து கீழ இறங்கி வரும், முதல்ல தலை, அப்புறம் நெஞ்சு, அப்புறம் இடுப்பு. இதுல வெறும் பலம் மட்டும் விஷயம் இல்ல. கண்ணு, உள்காது, தசையும் மூட்டும் அனுப்புற செய்தி இந்த மூணையும் மூளை சேர்த்துப் பார்த்து, உடம்பு இந்தப் பக்கம் சாயுது அந்தப் பக்கத் தசையை இறுக்குன்னு சொல்லணும். சாயாம இந்தக் கணக்கை மூளை எப்படிக் கத்துக்கும்? நாலு பக்கமும் தலகாணி முட்டுக்குடுத்து உட்கார வச்சா பாப்பா ஆடாம அழகா இருக்கும்தான், போட்டோவுக்கும் நல்லா இருக்கும், ஆனா அங்க பேலன்ஸ் பண்றது தலகாணி, பாப்பா இல்ல.

நம்ம முன்னோர் இதை எவ்வளவு கூர்ந்து பார்த்திருக்காங்கன்னு யோசிச்சா எனக்கு இன்னும் ஆச்சரியம் தீரல. பிள்ளைத்தமிழ்ல செங்கீரைப் பருவம்னு ஒண்ணு வரும், 5ஆம் மாசம், ஒரு காலை மடக்கி ஒரு காலை நீட்டி ரெண்டு கையையும் தரையில ஊன்றித் தலையை நிமிர்த்தி குழந்தை ஆடுறது. நாங்க மேட்ல எதிர்பார்த்துக் காத்திருக்கிற நிலைக்கு ரொம்பப் பக்கம் அது. அப்புறம் 9ஆம் மாசம் சப்பாணி, உட்கார்ந்து கை கொட்டுறது. கை கொட்டணும்னா ரெண்டு கையும் தரையை விட்டு வரணும், அதாவது முட்டு இல்லாம முதுகு தானா நிக்கணும்.

மாசக் கணக்கைப் பார்த்துப் பயப்படாதீங்கன்னும் சொல்லணும். உலக சுகாதார நிறுவனம் இந்தியா உட்பட 5 நாட்டுக் குழந்தைகளைப் பார்த்து 2006ல வெளியிட்ட ஆய்வுல, ஆரோக்கியமான குழந்தைங்க தானா உட்கார்ற வயசு 3.8 மாசத்துல இருந்து 9.2 மாசம் வரைக்கும், தானா நடக்கிறது 8.2ல இருந்து 17.6 வரைக்கும் இருந்துச்சு. எவ்வளவு பெரிய இடைவெளி பாருங்க! நம்ம பையன் 8 மாசத்துல இன்னும் லேட்டே ஆகல. அதே ஆய்வுல 100ல 4 குழந்தைங்க கையையும் முழங்காலையும் ஊன்றித் தவழவே இல்ல. குறைமாசத்துல பிறந்த குழந்தைன்னா கணக்கே வேற, 32 வாரத்துல பிறந்திருந்தா 2 மாசத்தைக் கழிச்சுட்டுத்தான் எதையும் பார்க்கணும், 2 வயசு வரைக்கும் அப்படித்தான்.

வாக்கர் பத்தி கொஞ்சம் கோவமாவே சொல்றேன், மன்னிச்சுக்கோங்க. அதுல குழந்தை நடக்கல, துணி சீட்ல தொங்கிக்கிட்டு கால் நுனியால உந்துது. பேலன்ஸ் பண்ண வேண்டிய வேலை இல்ல, தன் காலைத் தானே பார்க்க முடியாது, சாஞ்சு விழுந்து கத்துக்கவும் முடியாது. நடை சீக்கிரம் வரும்னு வாங்குறாங்க, ஆனா வாக்கர்ல இருந்த குழந்தைங்க உட்கார்ந்தது தவழ்ந்தது நடந்தது எல்லாமே மத்த குழந்தைங்களை விட லேட்டுன்னு 1999லயே ஒரு ஆய்வு வந்திருக்கு. படிக்கட்டுல உருண்டு விழுறது, அடுப்படியில சுடுதண்ணியை இழுத்துக்கிறதுன்னு விபத்து தனி. கனடாவுல 2004லயே இதை விக்கவே கூடாதுன்னு தடை பண்ணிட்டாங்க. நம்ம நடைவண்டி அப்படி இல்ல, குழந்தை தானா எழுந்து நின்னு தன் எடையைத் தானே தாங்கித் தள்ளணும். பிடிச்சு நிக்கிற குழந்தைக்கு, பக்கத்துல பெரியவங்க இருந்தா, தாராளமா குடுங்க.

விழுறதைப் பத்தியும் சொல்லிடுறேன், ஏன்னா எல்லாரும் அதுக்குத்தான் பயப்படுறாங்க. நியூயார்க் பல்கலைக்கழகத்துல கேரன் அடால்ஃப்னு ஒரு ஆராய்ச்சியாளர், அவங்க குழு 2012ல வெளியிட்ட கணக்குப்படி 12ல இருந்து 19 மாசக் குழந்தைங்க விளையாடும்போது ஒரு மணி நேரத்துல சராசரியா 2368 அடி வைக்குது, 17 தடவை விழுது. அவங்களோட இன்னொரு ஆய்வுல, நல்லாத் தவழப் பழகின குழந்தை செங்குத்தான சரிவைப் பார்த்து நின்னுடும், ஆனா அதே குழந்தை புதுசா நடக்க ஆரம்பிச்ச வாரம் அதே சரிவுல யோசிக்காம இறங்கும். தவழும்போது கத்துக்கிட்ட பேலன்ஸ் நடைக்கு அப்படியே வராது, ஒவ்வொரு நிலையிலயும் மறுபடி விழுந்துதான் கத்துக்கணும்.

வீட்டுல என்ன பண்றதுன்னா, ஒரு பாய், மேல ஒரு ஜமுக்காளம், அவ்வளவுதான், கட்டில் வேண்டாம். முழிச்சு இருக்கும்போது மட்டும், பால் குடிச்சு கொஞ்ச நேரம் கழிச்சு, குப்புறப் போட்டு நீங்களும் எதிர்ல படுங்க. ஆரம்பத்துல 1 நிமிஷம், 2 நிமிஷம், ஒரு நாளைக்குப் பல தடவை. ரொம்ப அழுதா நீங்க சாஞ்சு படுத்து உங்க நெஞ்சு மேல போட்டுக்கோங்க, அதுவும் கணக்குதான். தூங்க வைக்கும்போது மட்டும் எப்பவும் மல்லாக்கத்தான், இதுல மாத்துப் பேச்சே இல்ல. உட்கார ஆரம்பிக்கும்போது பொம்மையை நேர் முன்னாடி வைக்காம கொஞ்சம் பக்கவாட்டுல தள்ளி வைங்க, எட்டி எடுக்கப் போய்ச் சாயும்போது கை தானா தரையில ஊன்ற வரும், அந்தக் கை வந்துருச்சுன்னா உட்கார்றது உறுதியாயிடும்.

ஆனா எல்லாத்தையும் "போகப் போகச் சரியாயிடும்"னு விட்டுடக் கூடாது. 4 மாசம் முடிஞ்சும் தலை நிக்கல, கை எப்பவும் முஷ்டி பிடிச்சே இருக்கு, 1 வயசுக்கு முன்னாடியே ஒரே கையை மட்டும் பயன்படுத்துது, தூக்கினா கால் ரெண்டும் கத்தரி மாதிரி இறுகிக்குது, 9 மாசம் தாண்டியும் உட்காரல, 18 மாசமாகியும் நடக்கல, வந்த திறமை திரும்பப் போயிடுச்சு, இதுல எது இருந்தாலும் குழந்தை மருத்துவரைப் பாருங்க. கழுத்து ஒரு பக்கமே திரும்பி இருந்தா உரம் விழுந்துருச்சுன்னு துணியில போட்டு உருட்டாதீங்க, தயவுசெஞ்சு. வளர்ச்சி தாமதமாகுற குழந்தைங்களைப் பார்க்கிறதுக்குன்னே மாவட்ட அளவிலான அரசு மருத்துவமனைகள்ல மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையம் (DEIC) இருக்கு, சிகிச்சை இலவசம், முதல் வருஷத்துல வந்தீங்கன்னா நாங்க செய்யக்கூடியது நிறைய.

அந்தப் பையன் 6 வாரம் கழிச்சு வந்தான். மேட்ல உட்கார்ந்து என் சாவிக்கொத்தை வச்சு விளையாடிட்டு இருந்தான், அது கைநழுவிப் பக்கத்துல விழுந்துச்சு, எடுக்கத் திரும்பினவன் சாஞ்சுட்டான். அம்மாச்சி பதறி எழுந்தாங்க. அதுக்குள்ள அவனோட வலது கை போய்த் தரையில ஊன்றிடுச்சு, நிமிர்ந்து உட்கார்ந்து சாவியை எடுத்து வாயில வச்சுக்கிட்டான்.