பாஞ்சோவின் குட்டைத் தந்தி

அமெரிக்கக் கிராமத்தைக் காட்டும் திரைப்படங்களில் மலைப்பாதையும் மரவீடும் வந்தவுடன் பின்னணியில் ஒரு வாத்தியம் படபடவென்று ஒலிக்கும். அதுதான் பாஞ்சோ. (நம் பக்கம் டைப்ரைட்டர் போலக் கட்டை வைத்த புல்புல்தாராவையும் சிலர் பாஞ்சோ என்பார்கள். அது வேறு.) கிழக்கு அமெரிக்காவின் அப்பலாச்சிய மலைகளில் வாழும் வெள்ளைக்கார விவசாயிகளுக்கே உரிய வாத்தியம் என்றுதான் அமெரிக்கர்களிலேயே பலர் நினைக்கிறார்கள். ஆனால் அது ஏன் அப்படி ஒலிக்கிறது, ஏன் அப்படி வாசிக்கப்படுகிறது என்று கேட்டுக்கொண்டே போனால், மேற்கு ஆப்பிரிக்காவில்தான் போய் நிற்க வேண்டியிருக்கும்.

ஒரு வட்ட வளையம், அதன்மேல் இழுத்துக் கட்டிய தோல், நீண்ட கழுத்து, ஐந்து தந்திகள். தோலின்மேல் தந்திகளைத் தாங்கும் ஒரு சிறிய மரத்துண்டு நிற்கிறது, குதிரை என்று பெயர். பசை, ஆணி எதுவும் கிடையாது. தந்திகளின் அழுத்தம்தான் அதைப் பிடித்து வைத்திருக்கிறது.

தந்தி மிக மெல்லியது. தனியாக அதிர்ந்தால் காற்றைப் பெரிதாக அசைக்க முடியாது, காற்று அதைச் சுற்றி வழுக்கிப் போய்விடும். அதனால் தந்தியின் அதிர்வைக் குதிரை வாங்கி, அகலமான ஒரு பரப்புக்குக் கொடுக்க வேண்டும். கிடாரில் அந்தப் பரப்பு மரப்பலகை. தந்தியோடு ஒப்பிட்டால் பலகை கனமானது, விறைப்பானது, எளிதில் அசைந்து கொடுக்காது. தந்தியின் ஆற்றலில் பெரும்பகுதி மறுபடி தந்திக்கே திரும்பி, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வெளியே கசியும். அதனால் கிடாரின் சுரம் நீண்டு நிற்கும்.

பாஞ்சோவின் தோலோ சுமார் கால் மில்லிமீட்டர் தடிமன்தான். தந்தி தள்ளியதும் சட்டென்று அசைந்துவிடும். தந்தியில் இருந்த ஆற்றல் விரைவாகக் காற்றுக்குப் போய்விடுகிறது. மீட்டும் விரல் கொடுத்த ஆற்றல் ஒன்றுதான், செலவாகும் நேரம்தான் குறைவு. ஆகவே சத்தம் அதிகம், ஆயுள் கொஞ்சம்.

அந்த உலோகக் கணகணப்புக்கு இன்னொரு காரணத்தையும் இயற்பியலாளர் டேவிட் பொலிட்சர் முன்வைத்திருக்கிறார். அணுக்கருவுக்குள் இயங்கும் வலிய விசை பற்றிய ஆய்வுக்காக 2004இல் நோபல் பரிசு பெற்றவர்களில் ஒருவர், பாஞ்சோ பைத்தியமும்கூட. தந்தி குதிரையின்மேல் ஏறி ஒரு கோணத்தில் மடங்கி இறங்குகிறது. தோல் மேலே எழும்போது குதிரையும் எழுந்து தந்தியை இழுக்கும், சுருதி துளி ஏறும். தோல் இறங்கினால் சுருதியும் இறங்கும். இது நொடிக்கு நூற்றுக்கணக்கான முறை நடப்பதால் நம் காதுக்கு அசைவாகத் தெரிவதில்லை. புதுப்புது அதிர்வெண்கள் சேர்ந்த உலோக ஒலியாகத்தான் கேட்கிறது என்பது அவர் வாதம். 1980களில் யமஹா டிஎக்ஸ்7 கீபோர்டு மணியோசையையும் உலோக ஓசையையும் உண்டாக்கியது இதே தத்துவத்தில்தான். கீபோர்டில் மின்னணுச் சுற்று செய்த வேலையை இங்கே ஒரு துண்டுத் தோலும் குச்சியும் செய்கின்றன!

சரி, சுரம் நீண்டு நிற்காத வாத்தியத்தில் எப்படி இசைப்பது? இடைவெளியை நிரப்ப வேண்டும். அதற்குத்தான் ஐந்தாவது தந்தி.

மற்ற நான்கும் கழுத்தின் உச்சிவரை போகின்றன. ஐந்தாவது, ஐந்தாம் மெட்டுக்கு (விரல் அழுத்தும் இடத்தைக் காட்டும் குறுக்குக் கம்பி) பக்கத்திலேயே, சுருதி கூட்டும் தன் பிரடையில் முடிந்துவிடுகிறது. நீளம் மற்றவற்றில் முக்கால்வாசிதான். வழக்கமான சுருதியில் அது நொடிக்கு 392 அதிர்வுகள், எல்லாத் தந்திகளையும்விட உச்சம். பக்கத்தில் இருக்கும் நான்காவதோ எல்லாவற்றிலும் தாழ்ந்தது, சுமார் 147. பெரும்பாலும் யாரும் குட்டைத் தந்தியை இடக்கையால் அழுத்துவதில்லை. பாட்டு எப்படி ஓடினாலும் அது ஒரே சுரத்தைச் சொல்லிக்கொண்டே இருக்கும்.

இதை வாசிக்கும் பழைய முறைக்குக் கிளாஹாமர் என்று பெயர். விரலை மேல்நோக்கி இழுத்து மீட்டுவதில்லை. கையை லேசாக மடக்கி, நகத்தால் தந்தியைக் கீழ்நோக்கி அடிக்க வேண்டும். அடிக்கும்போதே கட்டைவிரல் குட்டைத் தந்தியில் போய் உட்காரும், கை எழும்போது அதை மீட்டிவிடும். தட்டு ஒன்றில் ராகம், தட்டுக்கு நடுவில் உச்சச் சுரம். தாளத்தையும் சுருதியையும் ஒரே கை பார்த்துக்கொள்கிறது.

மேற்கு ஆப்பிரிக்காவின் செனெகல், காம்பியா பகுதியில் வாழும் ஜோலா மக்களிடம் அகொன்டிங் என்ற வாத்தியம் இருக்கிறது. சுரைக்குடுக்கையின்மேல் தோல், நீண்ட குச்சிக் கழுத்து, மூன்று தந்திகள். அதில் ஒன்று குட்டை. வாசிப்பதும் அப்படியே: நகம் கீழ்நோக்கி அடிக்கும், கட்டைவிரல் குட்டைத் தந்தியை மீட்டும். காம்பியாவைச் சேர்ந்த ஜோலா ஆய்வாளர் டேனியல் ஜாட்டா இதை 2000 வாக்கில் அமெரிக்க பாஞ்சோ ஆர்வலர்களிடம் எடுத்துச் சொன்னார். அகொன்டிங்தான் ஒரே மூதாதை என்று சொல்லிவிட முடியாது. மேற்கு ஆப்பிரிக்காவில் இப்படித் தோல் போர்த்திய தந்தி வாத்தியங்கள் ஏராளம். வெவ்வேறு இனத்து அடிமைகள் கரீபியத் தோட்டங்களில் ஒன்றுகலந்தபோதுதான் பாஞ்சோ உருவானது. தட்டையான விரல் பலகையும் திருகும் பிரடைகளும் அங்கே ஐரோப்பிய வாத்தியங்களைப் பார்த்துச் சேர்ந்தவை. 1687இல் ஜமைக்கா போன மருத்துவர் ஹான்ஸ் ஸ்லோன், அங்கே அடிமைகள் சுரைக்குடுக்கையில் செய்த வாத்தியங்களின் படத்தை 1707இல் அச்சிட்டிருக்கிறார்.

தென் கரோலினாவில் 1739இல் ஸ்டோனோ என்ற இடத்தில் அடிமைகள் கிளர்ந்தெழுந்தார்கள். மறு ஆண்டே வந்த சட்டம், ஆளைக் கூட்டிவிடும் என்று பயந்து முரசு, கொம்பு போன்ற உரத்த வாத்தியங்களை அடிமைகள் வைத்திருக்கத் தடை விதித்தது. அதே மாநிலத்தில் 1785 வாக்கில் ஜான் ரோஸ் என்ற அடிமை முதலாளி வரைந்ததாகக் கருதப்படும் நீர்வண்ண ஓவியத்தில், அடிமைகளின் ஆட்டத்துக்கு ஒருவர் சுரைக்குடுக்கை பாஞ்சோ வாசிக்கிறார். குட்டைத் தந்தியும் அதில் இருக்கிறது. பாஞ்சோவை அவர்கள் ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டு வந்ததாக, அதே காலத்தில், பின்னாளில் அமெரிக்க அதிபரான தாமஸ் ஜெஃபர்சனும் எழுதி வைத்தார்.

இந்த ஓவியம் முக்கியமானது. ஏனென்றால் வெர்ஜீனியாவைச் சேர்ந்த ஜோயல் வாக்கர் ஸ்வீனி என்ற வெள்ளைக்காரர்தான் குட்டைத் தந்தியைக் கண்டுபிடித்தார் என்று நெடுங்காலம் ஒரு கதை ஓடியது. அவர் பிறந்ததே 1810இல்! பக்கத்துக் கறுப்பினத்தவரிடம் வாசிக்கக் கற்று, முகத்தில் கரி பூசி அவர்களையே கேலி செய்யும் மேடைகளில் வாசித்துப் புகழ் பெற்றவர் அவர். 1840களில் பால்டிமோரில் வில்லியம் பௌச்சர் மரவளையம் வைத்த பாஞ்சோக்களைப் பட்டறையில் செய்து விற்றார். அப்புறம் மெட்டுகளும் எஃகுத் தந்தியும் உலோக வளையமும் வந்து ஒலி கூர்மையானது. கேலிமேடையின் சின்னமாகிவிட்ட வாத்தியத்தைக் கறுப்பின இசைஞர்களில் பலர் ஒதுக்கிவிட்டு கிடாருக்குப் போனார்கள். போனதில் வியப்பில்லை. 1945இல் ஏர்ல் ஸ்க்ரக்ஸ் மூன்று விரல்களால் வேகமாக மீட்டும் தன் பாஞ்சோவோடு, ப்ளூகிராஸ் என்ற அமெரிக்கக் கிராமிய இசை வகைக்கு வந்தபோது, பாஞ்சோவின் ஆப்பிரிக்கப் பூர்வீகம் பொதுநினைவில் அநேகமாக மறைந்துவிட்டிருந்தது. அவர் விரல்களுக்கு நடுவிலும் குட்டைத் தந்தி ஒலித்துக்கொண்டுதான் இருந்தது.

1950களில் மைலார் பிளாஸ்டிக் வந்து கன்றுத்தோலின் இடத்தைப் பிடித்தது. பறையைப் போலவே அதுவரை பாஞ்சோவையும் ஈரக்காற்றில் தளராமல் பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. இப்போது சிலர் மீண்டும் சுரைக்குடுக்கையும் தோலும் வைத்துச் செய்கிறார்கள். 2005இல் வட கரோலினாவின் பூன் நகரில் கறுப்பின பாஞ்சோ இசைஞர்கள் கூடினார்கள். அங்கே சந்தித்தவர்கள் தொடங்கிய கரோலினா சாக்லேட் டிராப்ஸ் குழு 2011இல் கிராமி விருது வாங்கியது. அந்தக் குழுவின் ரியானன் கிடன்ஸ்தான் 2024இல் அமெரிக்கப் பாடகி பியான்சேயின் கன்ட்ரி பாடல் ஒன்றில் பாஞ்சோ வாசித்திருப்பவர்.