மாடிப்படி பழுது, வீடு காலி

நியூயார்க்கில் வாடகைதாரர்கள் பக்கம் நின்று வழக்காடும் வக்கீல் நான். என் கட்சிக்காரர்களில் கணிசமானவர்கள், சீனர்கள் அதிகம் வாழும் மன்ஹாட்டன் சைனாடவுனில் இருக்கிறார்கள். வீட்டைக் காலி செய்யச் சொல்லி கோர்ட்டிலிருந்து காகிதம் வரும்போதுதான் ஆபத்து தொடங்குகிறது என்று பலர் நினைக்கிறார்கள். அதற்கு ரொம்ப முன்பே அது தொடங்கிவிடும். ஜனவரிக் குளிரில் ஹீட்டர் நிற்கும். பக்கத்து பிளாட்டை இடித்துத் தூசி கிளப்புவார்கள். ஒழுகும் கூரையை யாரும் வந்து பார்க்க மாட்டார்கள். அப்புறம் ஒருவர் கதவைத் தட்டி, பணம் தருகிறேன், சாவியைக் கொடு என்பார்.

ஏன் இத்தனை பாடு? 1974-க்கு முன் கட்டிய, 6 வீடுகளோ அதற்கு மேலோ உள்ள கட்டடங்களில் பெரும்பாலும் வாடகைக் கட்டுப்பாடு உண்டு, அதாவது ஓனர் இஷ்டத்துக்கு வாடகையை ஏற்ற முடியாது. 2019 ஜூன் வரை, பழைய ஆள் போனால் வாடகையை 20 சதவீதம் வரை ஏற்றலாம். வாடகை ஒரு வரம்பைத் தாண்டியதும் அந்த வீடு கட்டுப்பாட்டிலிருந்தே கழன்றுவிடும். ஆக, 30 வருடம் குடியிருந்த ஒரு பாட்டி வெளியேறினால் ஓனருக்கு நேரடி லாபம். அந்த வழியை 2019 சட்டம் அடைத்தது. நெருக்கிப் பார்க்கும் பழக்கம் மட்டும் போகவில்லை.

சைனாடவுனின் பவரி தெருவில் 83, 85 எண் கட்டடங்களில் நடந்ததைப் பாருங்கள். இவை வாடகைக் கட்டுப்பாட்டிலேயே இல்லை என்று ஓனர் தரப்பு வாதாடியது. குடியிருந்தவர்கள் வருடக்கணக்கில் பழுது பார்க்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். 2018 ஜனவரி 18 அன்று, 85-ஆம் எண் கட்டடத்தின் மாடிப்படி ஆபத்தானது என்று நகரக் கட்டடத் துறை உத்தரவு போட, குழந்தைகள், முதியவர்கள் உட்பட அங்கிருந்த எல்லோரும் அன்றே வெளியேற வேண்டியதாயிற்று. ஆபத்தான கட்டடத்தைக் காலி செய்யச் சொன்னதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் மாடிப்படி ஒரே நாளில் இற்றுப்போவதில்லையே. பிப்ரவரியில் நகர வீட்டுவசதித் துறை அலுவலக வாசலில் அவர்கள் உண்ணாவிரதம் இருந்தார்கள். அந்த வீடுகளுக்குக் கட்டுப்பாடு உண்டு என்று, வாடகைக் கட்டுப்பாட்டைக் கவனிக்கும் மாநில அமைப்பு அவர்கள் பக்கம் முடிவு சொன்னது. ஆகஸ்ட்டில் வீடு திரும்பினார்கள்.

சேர்ந்து நின்றார்கள் என்பதுதான் இதில் பெரிய விஷயம். வருமானம் குறைந்தவர்களுக்கு வெளியேற்ற வழக்கில் இலவச வக்கீல் கிடைக்க 2017-இல் நகரம் சட்டம் செய்தது, நல்ல சட்டம். ஆனால் அது வழக்கு வந்த பிறகு. அதற்கு முந்தைய மாதங்களில் கைகொடுப்பது பக்கத்து வீட்டுக்காரர்தான். கேவ் என்ற அமைப்பு 2005-இல் தொடங்கிய சைனாடவுன் வாடகைதாரர் சங்கம் போன்றவை வீடு வீடாகப் போய், கேண்டனீஸிலும் மாண்டரினிலும் பேசி ஆள் சேர்க்கின்றன. கட்டடத்தின் பொது இடத்தில் கூட்டம் போட வாடகைதாரர்களுக்குச் சட்டப்படி உரிமை உண்டு. ஓனர் தடுக்க முடியாது.

என்னிடம் வருகிறவர்களின் பலவீனம் பெரும்பாலும் காகிதத்தில் இருக்கும். ஒப்பந்தம் சித்தப்பா பெயரில். வாடகை ரொக்கமாக, ரசீது இல்லாமல். வருகிற கடிதமோ ஆங்கிலத்தில். எனவே நான் முதலில் கேட்பது, மாநில அமைப்பிடமிருந்து உங்கள் வீட்டின் வாடகை வரலாற்றை, அதாவது ஓனர் வருடாவருடம் பதிவு செய்த வாடகைப் பட்டியலை, வாங்கினீர்களா என்றுதான். இலவசம், கட்டடத்தில் பத்து வீட்டுக்காரர்கள் சேர்ந்து வாங்கினால் ஓனரின் கணக்கு தானாக வெளியே வரும். ஹீட்டர் நின்றால் ஒவ்வொரு முறையும் நகரத்தின் புகார் எண்ணான 311-க்குப் புகார் செய்யுங்கள். அக்டோபர் முதல் மே வரை வெப்பம் தருவது ஓனரின் கடமை. காலி செய்யத் தரும் பணம் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டால் 180 நாட்களுக்கு ஓனர் மறுபடி அந்தப் பேச்சை எடுக்கக் கூடாது. வாய்மொழியாக மறுத்தால் நிரூபிப்பது கஷ்டம்.

இதெல்லாம் இருக்கிற வீட்டைக் காக்கும். சுற்றியுள்ள தெருவைக் காக்க இது போதாது. 2008-இல் ஈஸ்ட் வில்லேஜ், லோயர் ஈஸ்ட் சைடு பகுதிகளில் 111 பிளாக்குகளுக்குக் கட்டட உயர வரம்பு வந்தபோது சைனாடவுன் அதில் சேர்க்கப்படவில்லை. சைனாடவுனின் ஓரத்தில், டூ பிரிட்ஜஸ் என்ற பகுதியில், அக்கம்பக்கத்தார் மளிகை வாங்கிய சூப்பர் மார்க்கெட் 2012-இல் மூடியது. அங்கே இப்போது 847 அடி உயர ஆடம்பரக் கோபுரம் நிற்கிறது. பாஸ்டன் சைனாடவுன்காரர்கள் 2015-இல் நிலத்தையே சமூகத்தின் பெயரில் வைத்துக்கொள்ளும் அறக்கட்டளை தொடங்கி, பழைய வரிசை வீடுகளை விற்பனைச் சந்தையிலிருந்து எடுத்து வருகிறார்கள். என்னைக் கேட்டால், மன்ஹாட்டனில் நாங்கள் இன்னும் பெரிதாகச் செய்யாத வேலை அதுதான்.