விரிசல் வெளியே தெரியாது

போன மே மாதம், மதியம் இரண்டு மணி. காட்பாடியில் என் வீட்டு வாசலில் மூன்று கல்லூரிப் பையன்கள். அவர்களே காய்ச்சி ஊற்றிய ராக்கெட் எரிபொருள், பிவிசி குழாயோடு பைக் பெட்டிக்குள் வெந்துகொண்டிருந்தது. "சார், உங்க லேப் யூடிஎம் மெஷின்ல இழுத்துப் பார்த்துத் தருவீங்களா?" ஒரு துண்டை இழுத்து அறுத்து அதன் வலுவை அளக்கும் மெஷின் அது. எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது.

நான் இப்போது ராணிப்பேட்டையில் தோல் துண்டுகளை இழுத்து அறுத்துச் சோதிப்பவன். முன்பு பல வருஷம் இழுத்தது திட எரிபொருளை. இரும்புக் குழாய் ராக்கெட் விட்ட திப்புவின் பிள்ளைகளைச் சிறைவைத்த கோட்டை பக்கத்தில் வேலூரில்தான் இருக்கிறது. ராக்கெட் ஆசையைக் குறைசொல்ல மாட்டேன். ஆனால் உரிமம் இல்லாமல் வெடிபொருள் செய்வது குற்றம். 1884ஆம் ஆண்டுச் சட்டம் இன்றும் இருக்கிறது.

"நல்லா கெட்டியாத்தான் சார் இருக்கு" என்றான் ஒருவன். அங்கேதான் ஏமாறுகிறோம். பெரிய ராக்கெட்டுகளில் எச்டிபிபி என்ற ரப்பர்ப் பிசினில் எரிய ஆக்சிஜன் தரும் அம்மோனியம் பெர்குளோரேட்டையும் அலுமினியத் தூளையும் கலந்து எஃகு உறைக்குள் வார்ப்பார்கள். சுமார் 60 டிகிரியில் இறுகும். ஆறும்போது எரிபொருள் எஃகைவிட எட்டுப் பத்து மடங்கு சுருங்கப் பார்க்கும். ஒட்டிய உறை விடாது. இழுவை அன்றே பிறந்துவிடுகிறது. அப்புறம் பகல் வெயில், இரவுக் குளிர்ச்சி, தினமும் ஒரு இழுப்பு.

வெப்பமும் உள்ளே மெதுவாகத்தான் போகும். பத்து சென்டிமீட்டர் கனத்தைக் கடக்க அரை நாளுக்கு மேல். கனம் இரட்டித்தால் நேரம் நான்கு மடங்கு. வெளியே தொட்டால் ஆறியிருக்கும், உள்ளே மதிய வெயில் மிச்சமிருக்கும். மெதுவாக இழுத்தால் நீளும் துண்டு, வேகமாக இழுத்தாலோ குளிரவைத்தாலோ வேறு மாதிரி நடந்துகொள்ளும். அதனால் ஒரே ஒரு இழுப்பில் வரும் எண்ணை நம்பவே கூடாது.

மயிரிழை விரிசல் போதும். நெருப்பு அதற்குள் புகுந்தால் எரியும் பரப்பு கூடும், வாயு கூடும், அழுத்தம் ஏறும். ஏறிய அழுத்தம் எரிவதை இன்னும் விரட்டும். பிவிசி சில்லுசில்லாகத் தெறிக்கும். 

பைக்கைத் தொடாமல் எல்லோரும் தள்ளி நிற்க, தீயணைப்பு நிலையத்துக்குப் போன் போட்டேன். பையன்கள் முகம் தொங்கிப்போனது.

படிக்கத்தான் வேண்டுமென்றால் வெடிக்காத போலி போதும்: பாலியூரித்தேன் பிசினில் பொடித்த கல்லுப்பு. விரிவு, வெப்பம், இழுவை எல்லாம் அதிலேயே பழகலாம். அடுத்த வாரம் ஒருவன் மட்டும் டம்பெல் வடிவத்தில் நாலு துண்டு வார்த்துக்கொண்டு வந்தான். முதல் துண்டு பிடியிலேயே அறுந்தது. அது கணக்கில் வராது, அடுத்ததை மாட்டு என்றேன்.