நிகழ்தகவு: சொல்லும் பொருளும்

ஒன்று நிகழ எவ்வளவு வாய்ப்பு உண்டு என்பதைச் சொல்லும் எண் நிகழ்தகவு. அச்சொல்லை 'நிகழ்த்தகவு' என்று ஒற்று மிகுத்து எழுதுவோர் உண்டு. அது பிழை. நிகழ் + தகவு என்பது வினைத்தொகை. எரிதழல் போல, வல்லினம் மிகாது. நிகழ்ந்த, நிகழ்கின்ற, நிகழும் என முக்காலமும் அதற்குள் மறைந்து நிற்கும். கணக்குக்கும் இது வாய்ப்பாகப் பொருந்துகிறது. உருட்டி மூடி வைத்த பகடையில் 6 விழுந்திருக்க நிகழ்தகவு என்ன? விழுந்தது விழுந்தாயிற்று, ஆனாலும் திறந்து பார்க்காதவருக்கு அது 1/6 தான்.

'தகு' என்னும் வினையடியில் பிறந்தவை தகுதி, தக்க, தகவு. 'தக்கார் தகவிலர்' என்னும் குறளில் (114) வருவதும் இந்தத் தகவுதான். அங்கே நடுவுநிலைமையைக் குறிக்கிறது. நிகழ்தகவில் அதன் பொருள், நிகழ்வதற்கு உள்ள தகுதி.

ஆங்கிலத்தில் இதற்கு வழங்கும் 'ப்ராபபிலிட்டி'யின் லத்தீன் மூலத்துக்கு ஏற்கத்தக்கது, நம்பத்தக்கது என்று பொருள். அங்கும் ஒரு 'தக்க' இருப்பதைக் கவனியுங்கள். பெரியோர் ஒப்பிய கருத்தைத்தான் இடைக்காலத்தில் அச்சொல் குறித்தது. எண்ணுக்கு அதில் இடமில்லை. பாதியில் நின்ற சூதாட்டத்தின் பந்தயப் பணத்தை எப்படிப் பிரிப்பது என்று 1654-இல் பிரெஞ்சுக் கணித அறிஞர்கள் பாஸ்கலும் ஃபெர்மாவும் கடிதம் எழுதிக்கொண்ட பிறகே இத்துறை கணிதமாக வளர்ந்தது.

'சாத்தியம்' இதற்கு மாற்றுச் சொல் ஆகாது. சாத்தியம் உண்டு அல்லது இல்லை, அவ்வளவுதான். நிகழ்தகவோ 0 முதல் 1 வரையுள்ள ஓர் எண். 'வாய்ப்பு' பேச்சுக்குச் சரி; பாடநூலில் அது 'சம வாய்ப்பு' என்ற தொடரில் வேறு வேலை செய்கிறது. சாதகமான விளைவுகளை மொத்த விளைவுகளால் வகுக்கும் சூத்திரம், விளைவுகள் எல்லாம் சம வாய்ப்புடையவையாக இருந்தால்தான் செல்லும்.

மாணவர்கள் தடுக்கி விழும் இடம் இதுதான். மாணவர்கள் மட்டுமல்ல, பிரெஞ்சுக் கணித அறிஞர் டி'ஆலம்பர்ட்டே 1754-இல் இங்கே சறுக்கினார். ஒரு நாணயத்தை இருமுறை சுண்டினால் ஒரு தலையாவது விழ நிகழ்தகவு என்ன? முதல் சுண்டலிலேயே தலை விழுந்தால் ஆட்டம் முடிந்தது. பூ-தலை, பூ-பூ என இன்னும் இரண்டு. ஆக மூன்றில் இரண்டு, 2/3 என்றார். ஆனால் முதல் விளைவின் நிகழ்தகவு 1/2, மற்ற இரண்டுக்கும் தலா 1/4. சம வாய்ப்பே இல்லாதவற்றை எண்ணிக் கூட்டிவிட்டார். கூறுவெளியை, அதாவது எல்லா விளைவுகளின் பட்டியலை, முழுக்க எழுதினால் தலை-தலை, தலை-பூ, பூ-தலை, பூ-பூ என நான்கு வரும். விடை 3/4.