பி59.9-க்குத் தானாகப் போகும் கை

பிறந்த குழந்தையைப் பார்க்கப் போனால், "லேசா மஞ்சள் இருக்கு, லைட்ல வெச்சிருக்காங்க" என்பார்கள். வீட்டாருக்கு அவ்வளவு போதும். சென்னையில் உட்கார்ந்து அமெரிக்க மருத்துவமனைகளின் சார்ட்டுகளுக்குக் கோடிங் செய்யும், அதாவது டாக்டர் எழுதிய நோய்க்கு உரிய குறியீட்டு எண்ணைப் போடும் எங்களுக்குப் போதாது. ஆனால் பல சார்ட்டுகளில் டாக்டர் எழுதியிருப்பதும் 'ஜாண்டிஸ்' என்ற ஒற்றைச் சொல்தான்.

உடனே கை பி59.9-க்குப் போகும். காரணம் குறிப்பிடாத, பச்சிளங்குழந்தை மஞ்சள் காமாலைக்கான கோட் அது. டாக்டர் வேறெதுவும் எழுதாவிட்டால் அதுவே சரி. கேட்டிருந்தால் அவர் எழுதியிருப்பாரே, அங்கேதான் கோட்டை விடுகிறோம்.

கேட்காமல் நானே முடிவு செய்து மாட்டிக்கொண்டதும் உண்டு. வேலைக்குச் சேர்ந்த புதிது. 36 வாரத்தில் பிறந்த குழந்தை. தாய் ஓ பாசிட்டிவ், குழந்தை ஏ பாசிட்டிவ், தாயின் எதிர்ப்பொருள் குழந்தையின் சிவப்பணுக்களில் ஒட்டியிருக்கிறதா என்று பார்க்கும் கூம்ஸ் டெஸ்டும் பாசிட்டிவ். போட்டோதெரபி, அதாவது லைட்டில் வைக்கும் சிகிச்சை, கொடுத்திருந்தார்கள். தாய்க்கும் குழந்தைக்கும் ஏபிஓ ரத்த வகை பொருந்தாமைதான், வேறென்ன என்று அதற்கான பி55.1 போட்டேன். ஆடிட்டில் பிழை விழுந்தது. லேப் ரிப்போர்ட்டை வைத்து நோயை முடிவு செய்வது கோடர் வேலை இல்லை.

சரி என்று டாக்டருக்குக் க்வெரி, அதாவது விளக்கம் கேட்கும் கேள்வி, போனது. ஹீமோகுளோபின் இறங்கவில்லை, ரெட்டிகுலோசைட் (இளம் சிவப்பணு) ஏறவில்லை, சிவப்பணுச் சிதைவு இல்லை, குறைமாதத்தால் வந்த மஞ்சள் என்று பதில் வந்தது. ஆக பி59.0, கூடவே 36 வாரத்துக்கான பி07.39. என் கோட் அப்படியே போயிருந்தால், இல்லாத நோய் ஒன்று அந்தக் குழந்தையின் பதிவில் ஏறியிருக்கும்.

க்வெரியிலும் ஒரு நாகரிகம் உண்டு. "ஏபிஓ-தானே டாக்டர்?" என்று வாயில் வார்த்தையைத் திணிக்கக் கூடாது. சார்ட்டில் உள்ள எண்களை எடுத்து வைத்து, மஞ்சளுக்குக் காரணம் என்ன என்று கேட்க வேண்டும். 'முடிவு செய்ய இயலவில்லை' என்பதற்கும் அதில் இடம் இருக்க வேண்டும்.

டாக்டர்களுக்கும் நர்ஸ்களுக்கும் ஒரு வேண்டுகோள்: மஞ்சளுக்குக் காரணமான பிலிருபினை அளந்துவிட்டு, '2-ஆம் நாள், பிலிருபின் 11' என்று மட்டும் எழுதாதீர்கள். 25-ஆவது மணி நேரமா, 47-ஆவதா? அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமியின் 2022 வழிகாட்டுதல், 35 வாரமும் அதற்கு மேலும் ஆன குழந்தைகளுக்கு, போட்டோதெரபி தொடங்கும் அளவை மணிக் கணக்கில்தான் சொல்கிறது. கர்ப்ப வாரமும் மற்ற ஆபத்துக் காரணிகளும் சேர்ந்து அந்த எல்லை மாறும். 25-ஆவது மணியில் லைட்டில் வைக்கச் சொல்லும் எண்ணுக்கு 47-ஆவதில் வெறும் கண்காணிப்பே போதுமானதாக இருக்கலாம். ரத்தம் எடுத்த நேரத்தை எழுதாமல் விட்டால், ஏன் லைட்டில் வைத்தார்கள் என்று பின்னால் யாருக்கும் புரியாது.

அப்புறம், 'உயிரோடு பிறந்த குழந்தை' என்பதற்கான இசட்38 கோட், பிறந்த மருத்துவமனையில், பிறந்த அட்மிஷனுக்கு மட்டும். நான்காம் நாள் மஞ்சளோடு திரும்பி வந்து சேர்ந்த குழந்தைக்கும் அதைப் போட்டு அனுப்புகிறார்கள். ஒரே குழந்தை இரண்டு முறை பிறந்த கணக்கு.